லண்டனில் பவுண்டை எண்ணிச் செலவழிக்க: வாசகர் கேள்வி பதில்

லண்டன் போய்வர ஆசைப்படும் வாசகர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத் தொகுத்து இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டணங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி. போக்குவரத்துக் கட்டணம் வழக்கமாக மார்ச்சில் மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம் நானும் மனைவியும் பத்து நாள் போக நினைக்கிறோம். விமான டிக்கெட் விலை ஏறுகிறதே என்று பயமாக இருக்கிறது. டிக்கெட்டா, விசாவா, எதை முதலில் பார்ப்பது? – கோவை வாசகர்

விசாதான் முதலில். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆறு மாத விசிட்டர் விசாவுக்கு 2025 ஏப்ரல் முதல் ஆளுக்கு 127 பவுண்டு. மறுத்தாலும் பணம் திரும்பாது. சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு தெரியும். கேன்சல் செய்தால் பணம் கிடைக்காத டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்கவே வாங்காதீர்கள்.

விண்ணப்பம் சறுக்குவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். ஆறு மாதமாக முப்பதாயிரம் இருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் நான்கு லட்சம் வந்து உட்கார்ந்தால், அது யார் பணம் என்ற கேள்வி எழும். நகை விற்றதோ, வைப்புநிதி முதிர்ந்ததோ, அதற்கான சீட்டைச் சேர்த்துக் கொடுங்கள். தமிழில் உள்ள பத்திரம், பட்டா எதையாவது இணைத்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதில் மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி இத்தனையும் இருக்கவேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. கொடுத்த ஆவணம் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது.

மே மாதம் நல்ல மாதம். ஆனால் அங்கே மே முதல் திங்களும் கடைசித் திங்களும் அரசு விடுமுறை. கடைசித் திங்களை ஒட்டிப் பள்ளிகளுக்கும் ஒரு வாரம் லீவு. அந்த வாரம் ஹோட்டல் விலை எகிறும். இந்த இரண்டு விடுமுறைக்கும் நடுவே உள்ள நாள்களைப் பிடியுங்கள்.

ஹீத்ரூவிலிருந்து ஊருக்குள் போக ‘எக்ஸ்பிரஸ்’ ரயில்தான் சுலபம் என்கிறார்கள். உண்மையா? – திருச்சி வாசகி

வேகம் என்பது உண்மை. பேடிங்டன் நிலையத்துக்குக் கால் மணி நேரம். ஆனால் அன்றைக்குப் போய் வாங்கினால் ஆளுக்கு 25 பவுண்டைத் தாண்டும். வெகுநாள் முன்பே பதிவு செய்தால் 10 பவுண்டுக்கும் கிடைப்பதுண்டு. அப்படி வாங்கினாலும் இறங்குவது பேடிங்டனில்தான். அங்கிருந்து உங்கள் விடுதிக்கு இன்னொரு ரயில்.

பிக்கடிலி லைன் டியூப் (லண்டன் சுரங்க ரயில்) 5.80 பவுண்டு. நகரின் நடுப்பகுதிக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ஹீத்ரூவில் ஏறுவதால் உட்கார இடம் கிடைத்துவிடும். எலிசபெத் லைன் 13.90 பவுண்டு, பேடிங்டன் அரை மணி. இதற்கு இன்னொரு பெருமையும் உண்டு: இந்த லைனின் எல்லா நிலையங்களிலும் படி ஏறாமல் தெருவுக்கு வந்துவிடலாம். இரண்டு பெரிய பெட்டியும் வயதான பெற்றோரும் உடன் இருந்தால் கூடுதலாக ஆகும் எட்டு பவுண்டு தகும். முதுகுப்பையோடு போகும் இளைஞருக்கு பிக்கடிலியே போதும்.

விடியற்காலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் என்9 இரவுப் பேருந்தை நினைவில் வையுங்கள். நடுநகரில் உள்ள ஆல்ட்விச்சிலிருந்து ஹீத்ரூ ஐந்தாம் முனையம் வரை 1.75 பவுண்டு.

ஆய்ஸ்டர் கார்டு வாங்குவதா, நம் ஊர் வங்கி கார்டையே காட்டுவதா? ஒரே கார்டில் குடும்பமே போகலாமா? – ஈரோடு வாசகர்

இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஆய்ஸ்டர் என்பது முன்கூட்டியே பணம் ஏற்றிப் பயணத்துக்குக் காட்டும் லண்டன் போக்குவரத்து கார்டு. பெரியவர்களுக்கு ஆய்ஸ்டர், வங்கி கார்டு இரண்டிலும் கட்டணம் ஒன்றேதான். ஆய்ஸ்டர் கார்டின் விலை திரும்பக் கிடைக்காது; உள்ளே மிஞ்சிய தொகை 10 பவுண்டுக்குள் இருந்தால் டியூப் நிலைய இயந்திரத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். வங்கி கார்டு என்றால் கார்டுக்குத் தனி விலை இல்லை. ஆனால் ஒவ்வொரு வசூலிலும் உங்கள் வங்கி அந்நியச் செலாவணிக் கழிவு ஒன்றைப் பிடிக்கும். பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இருந்தால் அந்தத் தொல்லையும் இல்லை. விசா, மாஸ்டர்கார்டு, அமெக்ஸ் மூன்றும் செல்லும். ரூபே கார்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

கிளம்பும் முன் வங்கிச் செயலியைத் திறந்து, கார்டு பகுதியில் ‘வெளிநாட்டுப் பயன்பாடு’, ‘காண்டாக்ட்லெஸ்’ இரண்டையும் தனித்தனியாக இயக்கிவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் இவை அணைந்தே வரும். முதலாவதை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்தால், கடையில் செல்லும் கார்டு டியூப் வாசலில் சிவப்பு விளக்கு காட்டும்.

ஒரே கார்டில் குடும்பம் போக முடியாது. ஆளுக்கு ஒரு கார்டு. கணவர் கார்டையும், அதே கார்டை ஏற்றிய கைபேசியை மனைவியும் பயன்படுத்தலாம். கணினி இரண்டையும் வெவ்வேறு ஆளாகக் கணக்கிடும். இதிலேதான் வினையும் இருக்கிறது. காலையில் கைபேசியைக் காட்டி உள்ளே போனவர் வெளியே வரும்போது கார்டைக் காட்டினால், இரண்டு அரைகுறைப் பயணமாகப் பதிந்து இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். ஒருவர் ஒரு நாள் முழுக்க ஒன்றையே காட்டவேண்டும்.

ரயிலில் ஏறும்போதும் இறங்கும்போதும் கார்டைக் கருவியில் வைத்து ‘டேப்’ செய்யவேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும். கிரீனிச் போகும் டி.எல்.ஆர். என்ற இலகு ரயிலின் நிலையங்கள் பலவற்றில் தடுப்புக் கதவே கிடையாது. கட்டி சார்க் நிலையமும் அப்படித்தான். கதவு இல்லையே என்று நேரே நடந்துபோய்விடுவார்கள். கம்பத்தில் மஞ்சள் வட்டம் இருக்கும், அதில் கார்டை வைத்து ஒலி கேட்ட பிறகு நகருங்கள். டேப் செய்யாமல் ஏறிப் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் 100 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டினால் பாதி.

ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் முதல் இரண்டு கட்டண மண்டலத்துக்குள் (நடுநகர் முதல் மண்டலம், வெளியே போகப் போக எண் கூடும்) 8.90 பவுண்டுக்கு மேல் பிடிக்கமாட்டார்கள். பேருந்து மட்டும் என்றால் 5.25. திங்கள் முதல் ஞாயிறு வரை வார வரம்பும் தனியே உண்டு. ஆகவே ஒரு வாரம் தங்குவோர் வியாழனில் இறங்குவதைவிடத் திங்களில் இறங்குவது லாபம். டியூபில் வார நாள்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கட்டணம் கூடுதல்.

பதினொரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு டியூபிலும் பேருந்திலும் இலவசம். பதினொன்று முதல் பதினைந்து வரை உள்ளவருக்கு மட்டும் ஆய்ஸ்டர் வாங்குங்கள். டியூப் நிலைய ஊழியரிடம் ‘யங் விசிட்டர்’ சலுகையை ஏற்றித் தரச் சொன்னால் பதினான்கு நாள் வரை பாதிக் கட்டணம். வங்கி கார்டில் இந்தச் சலுகை வராது.

அம்மாவுக்கு மூட்டுவலி. டியூபில் படி அதிகம் என்கிறார்கள். டாக்ஸி வைத்தால் கட்டுப்படியாகுமா? – சேலம் வாசகி

ஆகாது, தேவையும் இல்லை. லண்டன் பேருந்துகள் எல்லாம் தாழ்தளப் பேருந்துகள். அம்மா கீழ்த்தளத்தில் முன்வரிசையிலேயே உட்காரலாம். கட்டணம் 1.75. முதல் டேப்பிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே 1.75தான். பணமாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். 2014இலேயே அதை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு வழித்தடங்களைச் சொல்கிறோம். டவர் ஆஃப் லண்டன் அருகே 15ஆம் எண் பேருந்தில் ஏறினால் செயின்ட் பால்ஸ் கதீட்ரல், ஃப்ளீட் ஸ்ட்ரீட், ஸ்ட்ராண்ட் வழியாக டிரஃபால்கர் சதுக்கம். அங்கே 9ஆம் எண்ணுக்கு மாறினால் பிக்கடிலி, ஹைட் பார்க் முனை, நைட்ஸ்பிரிட்ஜ் கடந்து ராயல் ஆல்பர்ட் ஹால். ஊரின் பெரிய கட்டடங்களில் பாதியை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். சுற்றுலா நிறுவனங்களின் திறந்த மாடிப் பேருந்து இதற்குப் பல மடங்கு வாங்கும். போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேர வரம்பு தவறினாலும் இன்னொரு 1.75தான்.

நிறுத்தத்தின் தலையில் பெரிய ஆங்கில எழுத்து ஒன்று இருக்கும். ஒரே சந்திப்பில் ஏழெட்டு நிறுத்தம் இருப்பதால், கைபேசியில் வழிகாட்டும் செயலி சொல்லும் எழுத்தும் கம்பத்தில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். வண்டி வரும்போது கை காட்டுங்கள்.

டியூப் வரைபடத்தை வைத்துத் தூரம் கணிக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அது லைன்களைக் காட்ட வரைந்த படம், அளவுப்படி வரைந்ததல்ல. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் நடந்தால் ஐந்து நிமிடம். அதற்கு டியூபில் 2.90 கொடுப்பவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

நான்கு பேர் குடும்பம். எந்தப் பகுதியில் அறை எடுப்பது? – மதுரை வாசகர்

பகுதியின் பெயரைவிட, பக்கத்து நிலையத்தில் எந்த லைன் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் மண்டலத்தில், நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள், மாறாமல் நடுநகருக்குப் போகும் லைன் இருந்தால் போதும். மண்டலம் ஒன்று கூடினால் நாள் வரம்பு ஆளுக்கு ஒன்றரை, இரண்டு பவுண்டு கூடும். அறை வாடகையில் அதைப்போலப் பல மடங்கு மிஞ்சும். ஸ்ட்ராட்ஃபோர்டு, கிரீனிச், ஹேமர்ஸ்மித் பக்கம் தேடலாம். வெம்ப்ளியில் அறை பார்ப்பவர்கள் அந்தத் தேதியில் விளையாட்டரங்கத்தில் பந்தயமோ கச்சேரியோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். இருந்தால் வாடகை தாறுமாறாக ஏறியிருக்கும், இரவு ரயிலில் கால் வைக்க இடமிருக்காது.

பிரீமியர் இன், டிராவலாட்ஜ் என்ற ஹோட்டல் குழுமங்கள் இரண்டிலும் இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் தங்கும் குடும்ப அறை உண்டு. பிரீமியர் இன்னில் ஒரு பெரியவர் முழுக் காலை உணவு வாங்கினால் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு அது இலவசம். பிள்ளைகள் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் மதியச் செலவு தானாகக் குறையும். கோடையில், ஜூன் பாதி முதல் செப்டம்பர் வரை, பல்கலைக்கழக மாணவர் விடுதிகளையும் வாடகைக்கு விடுவார்கள். பொதுச் சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுங்கள்.

அறையை மதியம்தான் தருவார்கள். ரயில் நிலையங்களில் பெட்டி வைக்க ஒவ்வொன்றுக்கும் 10 பவுண்டுக்கு மேல் ஆகும். பெரும்பாலான ஹோட்டல்கள் தங்குபவர் பெட்டியை வைத்துக்கொள்ளும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே பிரிட்டிஷ் மியூசியம் போகலாம் என்று நினைக்கவேண்டாம். சக்கரம் வைத்த பெட்டியை அங்கே உள்ளே விடமாட்டார்கள்.

நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம். பத்து நாளும் ரொட்டியும் வாழைப்பழமும்தானா? – கும்பகோணம் வாசகி

கவலை வேண்டாம். லேபிள் படிக்கத் தெரிந்தால் இந்தியாவுக்கு வெளியே சைவர்களுக்கு இவ்வளவு வசதியான ஊர் வேறு இருப்பது அபூர்வம்.

பொட்டலத்தில் ‘வெஜிடேரியன்’ என்று இருந்தால் இறைச்சியும் மீனும் இல்லை என்று மட்டுமே பொருள், முட்டை இருக்கலாம். ‘வீகன்’ என்றால் முட்டை, பால், தேன் எதுவும் சேர்க்காதது. பாலும் தயிரும் சேர்ப்பவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய பதினான்கு பொருள்களை லேபிளில் தனித்துத் தெரியும்படி அச்சிடவேண்டும் என்பது அங்கே சட்டம். பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். முட்டையும் அதில் ஒன்று. ஆகவே ‘வெஜிடேரியன்’ என்று போட்ட சாண்ட்விச்சைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் தடித்த எழுத்துகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ‘எக்’ இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். மயோனைஸ், கேக், புதுப் பாஸ்தா மூன்றிலும் முட்டை ஒளிந்திருக்கும்.

ஜெலட்டின் மட்டும் தடித்த எழுத்தில் வராது, அது அந்தப் பதினான்கில் இல்லை. மென்று தின்னும் மிட்டாய், மார்ஷ்மெல்லோ, சில தயிர் வகைகளில் பட்டியலை முழுதும் படியுங்கள். சில சீஸ் வகைகளில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும். சீஸில் ‘வெஜிடேரியன்’ என்ற குறி இருந்தால் அது கிடையாது.

டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், பூட்ஸ் கடைகளில் சாண்ட்விச், ஒரு நொறுக்கு, ஒரு பானம் மூன்றும் சேர்ந்த ‘மீல் டீல்’ நான்கு பவுண்டு அளவில் கிடைக்கும். சாயங்காலம் கடை மூடும் நேரத்துக்குச் சற்று முன் அன்றோடு முடியும் பொருள்களில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள். ஞாயிறன்று பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம், மாலையில் அலமாரி பார்க்கப் போய் ஏமாறாதீர்கள்.

சோறும் தோசையும் வேண்டுமென்றால் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஈஸ்ட் ஹாம், நார்தர்ன் லைனில் டூட்டிங் பிராட்வே. இரண்டு இடத்திலும் தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை, தமிழ்ப் பேச்சு. ஒரு வேளை நிறைவாக அங்கே சாப்பிடுங்கள். வயிற்றைக் கட்டிப் பவுண்டு சேர்க்கவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. மிச்சம் பிடிக்கவேண்டிய இடம் அறையும் ரயிலும்தான்.

நடுநகர உணவகங்களில் பில்லோடு 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து வருவது வழக்கம். விருப்பத்துக்கு உட்பட்டது என்று போட்டிருந்தால், வேண்டாம் என்று சொல்லி நீக்கச் சொல்லலாம். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. பாட்டில் தண்ணீருக்குக் காசு அழவேண்டாம்.

கட்டணமில்லாமல் பார்க்க என்னென்ன இருக்கிறது? – தஞ்சை வாசகர்

காசு கொடுத்துப் பார்க்கும் இடங்களைவிட இலவசமாகப் பார்க்கும் இடங்களே லண்டனில் பெரியவை. பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், சயன்ஸ் மியூசியம், டேட் மாடர்ன் எல்லாமே நிரந்தரக் காட்சிக்கு இலவசம். இலவசம்தானே என்று நேரில் போய் நிற்காமல், இணையத்தில் நேரம் குறித்த இலவச நுழைவுச் சீட்டை எடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பிரிட்டிஷ் மியூசியம் இரவு 8.30 வரை, நேஷனல் கேலரி 9 வரை, விக்டோரியா ஆல்பர்ட் 10 வரை திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் போனபின் அமைதியாகப் பார்க்கலாம்.

தஞ்சையிலிருந்து போகிறவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் 33ஆம் அறையைத் தவறவிடக்கூடாது. கி.பி. 1100 அளவில் வார்த்த சோழர்கால நடராஜர் அங்கே இருக்கிறார். அதை ஒட்டி 33ஏ என்ற கண்ணாடி அறையில் ஆந்திரத்து அமராவதிப் பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்தவை சென்னைக்கு வந்தன. அவற்றில் ஒரு பகுதி பின்னர் கப்பலேறி லண்டன் போயிற்று. மற்றொரு பகுதி இன்னமும் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போவதற்கு முன் எழும்பூரில் ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். பிரிந்துபோன தூண்களும் பலகைகளும் கண்ணுக்குப் பழகியிருக்கும், லண்டனில் நிற்கும்போது ஒவ்வொன்றாக அடையாளம் தெரியும்.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க ஸ்கை கார்டன், ஹொரைசன் 22 இரண்டும் இலவசம். முன்பதிவு கட்டாயம் போலத்தான், சீட்டு சீக்கிரம் தீரும். கிடைக்கவில்லையென்றால் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் ‘கார்டன் அட் 120’ மொட்டைமாடி, பதிவே வேண்டாம். கிரீனிச் பூங்காவின் மேட்டிலிருந்து தேம்ஸைப் பார்க்கவும் காசில்லை. அங்கே 1902இல் திறந்த நடைபாதைச் சுரங்கத்தில் இறங்கி ஆற்றுக்கு அடியிலேயே அக்கரை போகலாம்.

வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்துக்குச் சுற்றிப்பார்க்கப் போனால் ஆளுக்கு 30 பவுண்டு அளவில் ஆகும். வழிபாட்டுக்குப் போனால் கட்டணம் இல்லை. பெரும்பாலான நாள்களில் மாலை 5 மணிக்கு நடக்கும் ‘ஈவன்சாங்’கில் யாரும் உட்காரலாம். அரைமணி முன்னே போய் வரிசையில் நில்லுங்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது, பாதியில் எழுந்து போகக்கூடாது. கோயிலுக்குப் போவது போலப் போகவேண்டும்.

லண்டன் பாஸ் வாங்கலாமா? – நெல்லை வாசகர்

ஒரே சீட்டில் பல கட்டண இடங்களைப் பார்க்க விடும் பாஸ் அது. மேலே சொன்ன இலவச இடங்களைப் பார்ப்பதாக இருந்தால் வேண்டாம். ஒரே நாளில் மூன்று நான்கு கட்டண இடங்களுக்கு ஓடினால்தான் அதில் லாபம். அப்படி ஓடினால் டவர் ஆஃப் லண்டனை ஒரு மணி நேரத்தில் முடிக்கவேண்டியிருக்கும்; அதற்கு அரை நாள் தேவை. கட்டண இடம் ஒன்றோ இரண்டோ தேர்ந்தெடுத்துத் தனியாகச் சீட்டு வாங்கி நிதானமாகப் பாருங்கள்.

கைபேசித் திருட்டு அதிகம் என்கிறார்களே? – சென்னை வாசகி

ஆம். மின்சார பைக்கில் நடைபாதையை ஒட்டி வந்து, கையிலிருப்பதைப் பறித்துப் போவதுதான் வழக்கமான முறை. வழி பார்க்கவேண்டுமானால் சாலை ஓரத்தில் நிற்காமல் கடைவாசல் பக்கம் திரும்பி நின்று பாருங்கள். கார்டு அந்தக் கைபேசியில் மட்டுமே இருக்கக்கூடாது.

லெஸ்டர் ஸ்கொயர் பக்கம் பாட்டுப் போட்டுச் சுற்றும் மூன்று சக்கர சைக்கிள் வண்டிகளில் விலை பேசாமல் ஏறவேண்டாம். கார்டு இயந்திரம் ‘ரூபாயா, பவுண்டா’ என்று கேட்டால் எப்போதும் பவுண்டையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம் உங்கள் தலையில் விழும். பொருள் வாங்கினால் விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று உறவினர் யாராவது சொன்னால், அந்தச் சலுகை 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

பத்து வருடம் முன் அண்ணன் கொண்டுவந்த பவுண்டு நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. அவை செல்லுமா? – புதுச்சேரி வாசகர்

காகித நோட்டாக இருந்தால் கடையில் செல்லாது. கடைசியாக 20, 50 பவுண்டு காகித நோட்டுகளை 2022 செப்டம்பர் 30உடன் விலக்கிக்கொண்டார்கள். இப்போது புழங்குபவை பிளாஸ்டிக் நோட்டுகள். ஒளி ஊடுருவும் ஜன்னல் ஒன்று இருக்கும். உங்கள் பணம் வீணாகவில்லை. திரெட்நீடில் ஸ்ட்ரீட்டில் உள்ள பாங்க் ஆஃப் இங்கிலாந்தில், எவ்வளவு பழைய நோட்டானாலும் முழு மதிப்புக்கு மாற்றித் தருவார்கள். வார நாளில், பாஸ்போர்ட்டோடு, காலையிலேயே போய்விடுங்கள்; வரிசை நீளமாக இருக்கும். இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரே ‘பாங்க்’.

வட்டமான பழைய ஒரு பவுண்டு நாணயம் 2017 அக்டோபரில் போய்விட்டது. பன்னிரண்டு பக்கம் கொண்டதுதான் இப்போது செல்லும். வட்ட நாணயங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு நோட்டுகளை மட்டும் எடுத்துப் போங்கள். மாற்றிய கையோடு, அதே கட்டடத்தின் பக்கவாட்டில் பார்தலோமியூ லேனில் வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது, அதற்கும் கட்டணமில்லை.